பகுதி நேர வேலை போனால் படிப்பும் போக வேண்டுமா?

சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கி, ரஸல் மார்க்கெட்டைத் தாண்டிக் கமர்ஷியல் தெரு வரை நடந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஜவுளிக் கடையில் துணி மடிப்பவர், செருப்புக் கடையில் அளவு பார்ப்பவர், மாலையில் பில் போடுபவர் ஆகியோரில் பலர் காலையில் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள். தகப்பனார் மூட்டை தூக்குகிறார் அல்லது சிறு கம்பெனியில் குமாஸ்தா. வீட்டு வாடகைக்கே அந்தச் சம்பளம் சரியாகிவிடும். கல்லூரிக் கட்டணமும் பஸ் பாஸும் பிள்ளையின் மாலைக் கூலியிலிருந்துதான் வர வேண்டும்.

அந்தக் கூலி நிலையானதல்ல. ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் ஆள் எடுப்பார்கள். பண்டிகை முடிந்ததும் "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் தம்பி" என்பார்கள். 2012 பிப்ரவரியில் ரஸல் மார்க்கெட்டில் தீப்பிடித்துக் கடைகள் பல சாம்பலாயின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைத்தெரு முழுவதுமே மூடிக் கிடந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் பகுதி நேரப் பையன்தான். அடுத்த மாதமே கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு வந்து நிற்கும்.

வேலையிழந்தோர் உதவி கிடைக்குமா?

பலரும் முதலில் நினைப்பது அரசின் யுவநிதித் திட்டத்தை. கர்நாடக அரசு இதைத் தொடங்கி, 2024 ஜனவரியில் முதல் தொகையை வழங்கியது. வேலையில்லாத பட்டதாரிகளுக்கு மாதம் 3000 ரூபாய், டிப்ளமா முடித்தவர்களுக்கு 1500 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். ஆனால் இது படித்து முடித்தவர்களுக்கு. மேற்படிப்பில் இருப்பவர்களுக்கு இல்லை என்பது விதி.

இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் 2018-ல் தொடங்கிய வேலையிழப்பு உதவி ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்து சந்தா கட்டியவர்களுக்கே அது பொருந்தும். மாலை நேரப் பையனின் பெயரை எந்தக் கடையில் பதிகிறார்கள்?

ஆகவே விஷயம் தெளிவு. "வேலை போயிற்று" என்று கேட்டால் மாணவருக்குப் பெரும்பாலும் கதவு திறக்காது. "படிக்கிறேன், வசதியில்லை" என்று கேட்டால் சில கதவுகள் திறக்கும்.

வர வேண்டிய கூலி

அதற்கு முன் ஒன்று. வேலை பார்த்த நாட்களின் கூலியைக் கடைக்காரர் பிடித்து வைக்க முடியாது. வேலையிலிருந்து நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். கர்நாடகக் கடைகள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நீக்கத் தகுந்த காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் தர வேண்டும். கூலி வந்த வங்கிக் கணக்குச் சீட்டு சாட்சியாகும். பேச்சில் தீராவிட்டால் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் முறையிடலாம்.

எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

உபகாரச் சம்பளத்தில் தமிழர் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1950-க்கு முன்பே தண்டுப் பகுதியில் நிலைத்துவிட்ட குடும்பத்தின் நிலை வேறு. பிறகு வேலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்த குடும்பத்தின் நிலை வேறு. பின்னவர்கள் மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவிக்குத் தமிழ்நாட்டு வழியாகவே மனுச் செய்ய வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அது அங்கே பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு. சிவாஜிநகரில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு வராது.

கர்நாடகத்து உதவிகளுக்கு மாநில உபகாரச் சம்பள இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட கச்சேரி தரும் சாதி, வருமானச் சான்றிதழின் எண்ணை அங்கே கேட்பார்கள். விடுதி கிடைக்காத பிற்பட்ட வகுப்பு மாணவருக்கு வித்யாசிரி என்ற உணவு, தங்கும் உதவி உண்டு. 2013-14-ல் மாதம் 1500 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம் என்று தொடங்கிய திட்டம் அது.

சாதி, மாநிலம் பாராத உதவியும் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் போர்டின் முதல் 20 சதவிகிதத்துக்குள் வந்தவருக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் தேவை. வேலைக்காக வகுப்பைத் தவறவிட்டால் இதுவும் போகும். தபால் வழிப் படிப்புக்கு மாறினாலும் போகும்.

எந்த உதவியும் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே வரும். இணைப்பு இல்லாமல் பணம் திரும்பிப் போகும் கதை ஏராளம்.

கடன் கடைசியில்

கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். பெற்றோர் கூட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். தொழிற்படிப்புக்கு, நாலரை லட்சம் வருமானத்துக்குள் இருந்தால், அதுவரையான வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. சாதாரண பி.ஏ., பி.காம். மாணவருக்கு அந்த வட்டிச் சலுகை இல்லை. ஆகவே ஒரு பருவக் கட்டணத்துக்காகக் கடன் வாங்குமுன், பிரின்ஸிபாலிடம் தவணை கேட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. வாய்மொழியாகக் கேட்பதற்கும் மனுவாகக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. கந்துவட்டிக்காரர் வாசலுக்கு மட்டும் போகக் கூடாது.

தண்டுப் பகுதியில் வணிகம் செய்து பொருள் ஈட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-லேயே இங்கே பள்ளி வைத்தார். அந்தத் தர்ம ஸ்தாபனம் இன்றும் கல்வி நிலையங்களை நடத்துகிறது. அவர் வழியில், கடைத்தெருப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பண்டிகைக்கு எடுத்த பையனைப் பண்டிகை முடிந்து அனுப்பும்போது, ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மாணவர் செய்ய வேண்டியதும் ஒன்று. வேலை இருக்கும்போதே சான்றிதழ்களை வாங்கி வைப்பதும், விண்ணப்பத் தேதியைக் கல்லூரி ஆபீஸில் விசாரித்து வைப்பதும்தான் அது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். வேலை போன பிறகு நாட கச்சேரி வரிசையில் நிற்பவருக்கு, கட்டணக் கெடு காத்திருக்காது.