சிறிய கடல்நீர்த் தொட்டியில் எத்தனை மீன்கள் வாழும்?

கடற்கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஹைதராபாத்திலும் கடல்நீர் மீன்தொட்டி வைத்துப் பேணுவோர் உண்டு. பவளப்பாறையை ஒத்த கல்லடுக்கும் வண்ண மீன்களும் கொண்ட இத்தொட்டியை வாங்குவோர் முதலில் கேட்பது, ‘இதில் எத்தனை மீன் விடலாம்?’ என்பதே. இக்கேள்விக்கு விடை காண ஓரளவு கணக்கு போதும்.

நீரின் உண்மையான இருப்பு

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். மணலும் கல்லும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும், மேலே விடும் வெற்றிடத்தையும் கழித்தால் எஞ்சுவது சுமார் 150 லிட்டர். நம் கணக்கு இந்த 150 லிட்டரிலிருந்தே தொடங்க வேண்டும்.

மீனின் நீளத்தைக் கூட்டி எண்ணிக்கையை முடிவு செய்யும் பழைய வழக்கம் நம்மை ஏமாற்றக்கூடியது. ஒரே உடலமைப்புள்ள 10 செ.மீ. மீனைவிட 20 செ.மீ. மீனின் எடை இரு மடங்கன்று, எட்டு மடங்கு. கடையில் விரலளவில் இருக்கும் ப்ளூ டாங் மீன் வளர்ந்தால் 30 செ.மீ. வரை எட்டும். ஆகவே வாங்கும்போதுள்ள அளவை விடுத்து, முழு வளர்ச்சியில் அடையும் அளவையே கருத வேண்டும்.

வரவும் பற்றும்

தொட்டியின் சுமை மீனுக்கு நாம் இடும் தீவனத்தால் அமைகிறது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். 45 விழுக்காடு புரதமுள்ள உலர்தீவனம் 1 கிராம் இட்டால், 72 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் செல்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவைக் கல்லிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீவன நைட்ரஜனில் பாதி இவ்வாறு மாறுவதாகக் கொண்டால், 150 லிட்டரில் நாளொன்றுக்கு லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் வீதம், வாரத்துக்கு 7 மில்லிகிராம் நைட்ரேட் சேரும்.

வாரந்தோறும் 15 விழுக்காடு நீரை மாற்றுகிறோம் என்போம். அதற்கு ஏறத்தாழ 800 கிராம் செயற்கைக் கடலுப்பு தேவை. வரவு 7, பற்று, இருப்பில் 15 விழுக்காடு. இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 47. முதல் மாதத்தில் தெளிவாகத் தோன்றும் நீர், சில மாதங்களில் அந்த இருப்பை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். கல்லிடுக்குப் பாக்டீரியாக்களும் புரோட்டீன் ஸ்கிம்மரும் ஒரு பகுதியைக் கழிக்கும். எஞ்சியதைச் சோதனைக் குப்பி காட்டும். இருப்பை 20க்குள் நிறுத்த முடியாவிட்டால், தீவனத்தைக் குறைக்க வேண்டும்; அதாவது மீன் குறைவாக இருக்க வேண்டும்.

10 கிராம் எடையுள்ள சிறுமீன் தன் எடையில் இரண்டு மூன்று விழுக்காடு அளவே அன்றாடம் உண்ணும். எனவே 1 கிராம் தீவனம் என்பது நான்கு அல்லது ஐந்து சிறுமீன்களின் உணவு. நமது தொட்டியின் உச்சவரம்பும் அதுவே.

மோசமான நாளைக் கருதுக

கடன் வழங்கும்போது நல்ல மாதத்து வருமானத்தை மட்டும் பார்த்து நாம் தவணையை முடிவு செய்வதில்லை. மோசமான மாதத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். தொட்டிக்கும் அந்நோக்கு தேவை. ஹைதராபாத்தின் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடல்நீர், நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும்; சூடு ஏற ஏற அதுவும் குறையும். நகரம் கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேல் இருப்பதால் இன்னும் சற்றுக் குறையும். நமது 150 லிட்டரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மொத்தமும் ஒரு கிராமுக்குள் அடங்கும். மின்சாரம் நின்று பம்ப் ஓயும் இரவில் மீன்களும் பாக்டீரியாக்களும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. கல்லிடுக்கில் ஒரு மீன் இறந்து அழுகினால் அம்மோனியாவும் ஏறும். 8.2 அளவு காரத்தன்மையுள்ள கடல்நீரில், 7.2 அளவுள்ள நன்னீரைவிட அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். ஐந்து மீன்களுக்குரிய இடத்தில் பத்தை விட்டவர், ஒரே இரவில் பத்தையும் இழக்க நேரலாம். பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நலம்.

தேர்வும் வரிசையும்

தொட்டியை நிறுவியபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் பாக்டீரியாக்கள் பெருகக் காத்திருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பின்னரே முதல் மீன். அடுத்ததற்கு இரு வார இடைவெளி தேவை. சாதுவான கோபி வகை முதலிலும், எல்லை வகுத்துச் சண்டையிடும் டாம்செல் வகை இறுதியிலும் வரட்டும். கோமாளி மீன் அனைத்தும் ஆணாகவே பிறக்கும். வலியது பெண்ணாக மாறி ஓர் ஆணுடன் இணையும். மூன்றாவது மீன் பெரும்பாலும் துரத்தப்படும். ஆகவே ஓர் இணையே போதும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பதில் வெற்றி கண்டுள்ளது. பண்ணையில் வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவது கடலுக்கும் நன்று. தொட்டிச் சூழலுக்குப் பழகிய மீனாகவும் அது அமையும்.

ஒன்றை மறவாதிருப்போம். பாறை அமைக்கும் பவளங்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதலாம் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலோ பிற கடல்களிலோ எடுத்த பவளத்தையும் பவளக்கல்லையும் வாங்குவது குற்றம். பீங்கானால் செய்த கல்லிலும் பாக்டீரியாக்கள் நன்றாகவே குடியேறும்.

ஆகவே, 150 லிட்டருக்கு மூன்று சிறுமீன்களுடன் தொடங்குவோம். மூன்று மாதச் சோதனைக் கணக்கு ஏறாமல் நின்றால் நான்காவதையும், ஒரு கோடைக்காலம் நலமாகக் கடந்தபின் ஐந்தாவதையும் சேர்க்கலாம்.