குளம் இல்லாத உயரத்தில் தவளை

திருவண்ணாமலை ஊரை ஒட்டிய அண்ணாமலையின் உச்சி சுமார் 814 மீட்டர். அடிவாரத்தைவிட மேலே மூன்று, நான்கு டிகிரி குளுமை. குளுமை என்றால் தவளைக்குக் கொண்டாட்டம்தானே? ஆனால் நல்ல மழை பெய்த இரவில் காது கொடுத்துக் கேளுங்கள்; கச்சேரி பெரும்பாலும் கீழேதான், குளங்களிலும் வயல்களிலும். பாறைச் சரிவில் விழும் நீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. தவளைக்கு வேண்டியதோ, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் கரையும்வரை வற்றாத நீர்.

அதற்காகத்தான் தவளைகளின் அத்தனை உபாயங்களும். நுணல் ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை விழுந்ததும் மேலே வந்து முட்டையிடுகிறது. (கத்திக் கெட்டது என்று அதற்குப் பழமொழியில் பழி, கத்தாவிட்டால் துணை எப்படிக் கிடைக்கும்?) குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மைத் திடுக்கிட வைக்கும் மரத்தவளை இன்னும் சாமர்த்தியசாலி. உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்காலால் அடித்து நுரையாக்கி, தண்ணீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ கூடு கட்டும். நுரையின் மேற்புறம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட, உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுக்கு அந்தத் தண்ணீரும் வேண்டாம். ஈரச் சருகுக்கடியில் முட்டையிட்டால் போதும்; தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, நகம் அளவுகூட இல்லாத முழுத் தவளை வெளியே வரும். களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஓர் இனம் மூங்கில் கணுவிடையில் உள்ள சிறு பிளவு வழியே நுழைந்து உள்ளே முட்டையிடுகிறது. காவல் அப்பாவுக்கு. இந்த வாழ்க்கைக்கு நிபந்தனை ஒன்றே: முட்டை காயக்கூடாது. மூடுபனியும் சோலைக்காடும் உள்ள உயரங்கள் அதைத் தருகின்றன, வறண்ட அண்ணாமலை தராது.

உயரம் கூடக் கூட இனங்கள் பெருகிக்கொண்டே போவதில்லை. உலகின் பல மலைகளில் நடுச்சரிவில்தான் இனங்கள் அதிகம். அதற்கு மேல் குளிரும் இடக்குறைவும் வடிகட்டிவிடும். மிஞ்சும் சிலவோ வேறெங்கும் இல்லாதவை. 2010-இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் அறிமுகப்படுத்திய செம்மஞ்சள் நிறப் புதர்த்தவளை, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியையும் அதைச் சுற்றிய இரவிகுளம் உயரங்களையும் தவிர வேறெங்கும் தென்பட்டதில்லை.

இப்படிச் சிறைப்பட்டதற்குக் காரணம் பள்ளத்தாக்குகள். நீலகிரிக்கும், ஆனைமுடி இருக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். உச்சிக் குளிருக்குப் பழகிய தவளையால் அந்த வெக்கையில் இறங்கி, கடந்து, மறுபடி ஏற முடியாது. அதனால் கணவாய்க்கு வடக்கே ஊட்டிப் புல்வெளியில் கூவும் புதர்த்தவளை ஓர் இனம், தெற்கே கொடைக்கானலில் கூவுவது வேறோர் இனம்.