உஷார்! பரணில் கிடக்கும் பழைய எயார் ரைபிளை மடிக்காதீர்கள்

கோமாரி, பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று இந்தக் கடற்கரை நெடுக எந்த வீட்டுப் பரணிலாவது மூத்தவாப்பா காலத்து எயார் ரைபிள் ஒன்று கிடந்தால், இதை வாசித்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். முக்கியமாக, குழலை மடித்துப் பார்க்காதீர்கள். ஒரு விரல் போவதற்கு அரை வினாடி போதும் என்பதை நான் கண்ணால் கண்டுவிட்டேன். கண்ட நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோமாரியில் களப்புப் பக்கமாக எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வளவில் பதினைந்து தென்னை, பின்னால் கொஞ்சம் சோளன். குரங்கு வந்தால் குரும்பட்டி ஒன்றும் மிஞ்சாது. அன்று காலையும் வந்தன. தகரம் தட்டி அலுத்துப்போன மனிதர், பரணில் ஏறி உர பேக் ஒன்றில் சுற்றியிருந்த நீளமான சாமானை இறக்கினார்.

"என்ட அப்பாட துவக்கு தம்பி. ஐம்பது வருசத்துக்கு மேல கிடக்கு. இண்டைக்கு இதுக்கு ஒரு வேலை வந்திட்டு" என்றார்.

பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது எனக்கு. டயானா 27. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890ல் தொடங்கிய மாயர் அன்ட் கிராமல்ஸ்பாஹர் கம்பனியின் சாமான். குழாயின் மேல் அந்தத் தேவதைச் சின்னம், வில்லை வீசி எறிந்துவிட்டுத் துவக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த பெண், துருவுக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தது. நான் அந்தச் சின்னத்தில் மயங்கி நின்ற நேரத்தில், அண்ணன் வாயில் நாலைந்து ஈயரவைகளைப் போட்டுக்கொண்டு குழலை மடித்துவிட்டார். ஸ்பிரிங் 'கிறீச்' என்று ஏறியது. மடித்த குழலை விட்டுவிட்டு, வாயிலிருந்து ஒரு ரவையை எடுக்கக் கையை உயர்த்தினார்.

'சடார்!'

மடிந்து கிடந்த குழல் தானாக மேலே எகிறி மூடிக்கொண்டது. கைப்பிடி மெலியும் இடத்தில் மரம் நீளமாகப் பிளந்தது. பேரப்பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பொடியன், குழலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றான். அண்ணனின் பெருவிரல் தப்பியதற்கு ஒரே காரணம், அந்தக் கணத்தில் அது வாயருகில் இருந்ததுதான். ரவை ஏற்கெனவே கையில் இருந்திருந்தால், விரல் அந்தக் குழல் வாயில் இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதேதான் நடக்கலாம். மடிக்கிற எயார் ரைபிளுக்குள் காற்று சேமித்து வைக்கப்படுவதில்லை. உள்ளே பலமான ஸ்பிரிங் ஒன்று, அதன் முன்னால் ஒரு பிஸ்டன். குழலை மடிக்கும்போது ஸ்பிரிங் சுருங்குகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் விசையோடு சேர்ந்த ஒரு சின்ன இரும்புக் கொக்கி. அரிசிமணி அளவு விளிம்பு ஒன்றில்தான் அத்தனை பலமும் தொங்குகிறது. விசையை இழுத்தால் கொக்கி விலகும், பிஸ்டன் பாயும், முன்னாலுள்ள காற்று நசுங்கி ரவையைத் தள்ளும். ஐம்பது, அறுபது வருடம் தேய்ந்து, துருப்பிடித்த கொக்கியோ தொடாமலே நழுவும். குழல் திறந்திருக்கும்போது நழுவினால் அது எலிப்பொறி மாதிரி மூடும். கையிருந்தால் கை, இல்லாவிட்டால் மரம் பிளக்கும், குழல் மேல்நோக்கி வளையும். அண்ணனின் டயானாவுக்கு இரண்டும் நடந்தது.

"வெடிமருந்து இல்லாத சாமான்தானே, வெறும் காத்து" என்று சொல்லாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. இந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிய பயம். 1780களில் ஆஸ்திரிய இராணுவம் ஜிரார்டோனி என்பவர் செய்த காற்றுத் துவக்கைப் போர்க்களத்துக்கே கொண்டுபோனது. நம் டயானா அவ்வளவு பலமில்லைதான். ஆனாலும் நல்ல நிலையிலுள்ள ஒன்று 4.5 மில்லிமீற்றர் ரவையை வினாடிக்கு 150 மீற்றர் அளவு வேகத்தில் தள்ளும். கண்ணில் பட்டால் கண் போயிற்று. தென்னை மரத்திலோ கல்லிலோ பட்டுத் திரும்பி வந்தாலும் அதே கண்தான்.

இனி எண்ணெய். நம்மவர்கள் பழைய இரும்பைக் கண்டால் முதலில் செய்கிற வேலை எண்ணெய் விடுவது. தையல் மெஷின் எண்ணெய், அது இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய், இன்னும் சிலர் மண்ணெண்ணெய். வெளி இரும்புக்கு என்றால் பரவாயில்லை. குழாய்க்குள் ஊற்றினால் ஆபத்து. பிஸ்டன் பாயும்போது உள்ளே காற்று சட்டென்று நசுங்கிக் கடுமையாகச் சூடேறும். டீசல் எஞ்சினுக்குள் தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றுகிறதே, அதே கதைதான். எண்ணெய் உள்ளே பற்றி, துவக்குச் சத்தம் போல 'டமார்' என்று கேட்கும், குழல் வாயில் புகை வரும். "பாத்தியா, நல்லா வேலை செய்யுது" என்று சந்தோசப்படுவார்கள். உண்மையில் அந்த ஒரு வெடியில் பிஸ்டன் முனையிலுள்ள பழைய தோல் வாஷர் கருகலாம், ஸ்பிரிங் துண்டாகலாம், ரவை நினைத்ததை விட வேகமாகப் போகலாம். தேங்காயெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. நாளடைவில் பிசுபிசுத்து, விசையையே ஒட்டிப் பிடிக்கலாம். ஒட்டிய விசை எப்போது விடும் என்று யாரால் சொல்ல முடியும்?

சைக்கிள் கடையில் கொடுத்துக் கழற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். மடிக்காத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் ஓரளவு சுருங்கியபடியே பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்பக்கத்து ஆணியைத் தட்டி எடுத்தால், பின்மூடியும் ஸ்பிரிங்கும் கழற்றுகிறவரின் நெஞ்சை நோக்கி வரும்.

துவக்கோடு கிடக்கும் ரவை டின்னையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ஈயரவையின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பூத்திருக்கும். அது ஈயம் உக்கிய தூள். அதைத்தான் அண்ணன் வாயில் போட்டார், நம் ஊரில் குறி பார்க்கிற ஆண்கள் எல்லாரும் போடுகிறதுபோல. இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். டின்னை மூடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டுங்கள்.

குரங்குத் தொல்லை பொய்யில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மரஅணில், மயில் என்று எண்ண வைத்தார்களே, அவ்வளவு தூரத்துக்கு விவசாயியின் வயிறு எரிந்திருக்கிறது. விவசாயிக்கு எயார் ரைபிள் கொடுக்கலாம் என்ற பேச்சும் அரச மட்டத்திலேயே எழுந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பலர் பரணில் ஏறுகிறார்கள். உங்கள் பரணிலுள்ள சாமானுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. இந்த வலுவுள்ள ரவை பட்ட குரங்கு பெரும்பாலும் அந்த இடத்தில் சாகாது. ரவையை உடம்பில் சுமந்துகொண்டு, புண் அழுகி, நாட்கணக்கில் துடிக்கும். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிற தாய்க் குரங்கை நினைத்துப் பாருங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. எதை விரட்டலாம், எப்படி விரட்டலாம் என்று வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள்.

சட்டம் என்று வந்ததால், இன்னும் பெரிய விஷயம் ஒன்று. தமிழ்நாட்டு யூடியூப்காரர்கள் "எயார் ரைபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளை. அதுவும் வலு குறைந்த, 4.5 மில்லிமீற்றர் குழலுள்ளவற்றுக்கு மட்டும். அந்தப் பேச்சு பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் செல்லாது. இங்கே இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். உங்கள் வீட்டுச் சாமான் அதற்குள் எப்படி வருகிறது, அதை வைத்திருக்க என்ன கடதாசி வேண்டும் என்பதை முகநூலில் கேட்காதீர்கள். சாமானை வீட்டிலேயே பூட்டிவிட்டு, படமும் அதில் குத்தியுள்ள இலக்கமும் எழுதிக்கொண்டு, ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கிராம சேவகருக்குச் சொல்லி, பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாப்பா பெயரில் பழைய கடதாசி ஏதும் கிடந்தால், கறையான் தின்றதென்றாலும் எறியாதீர்கள்.

துவக்கைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏ4 ரோட்டில் "பொலிஸில் காட்டத்தான் போறன்" என்று கிளம்பாதீர்கள். நூறு யார் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது காற்றுத் துவக்கா, மற்றத் துவக்கா என்று தெரியாது. நம் ஊர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்த சம்பவத்துக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், சமையல் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் உம்மாமார் நடுங்கியது இன்னும் காதுக்குள் நிற்கிறது. தோளில் துவக்கோடு நின்று படமெடுத்துப் போடுகிற தம்பிமார்களே, அந்தப் படத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள். வாப்பாமார்களும் கொஞ்சம் பிள்ளைகளின் போனைப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் எறிந்துவிடுவதா? இல்லை! அதுதான் எனக்கு இன்னொரு வேதனை. பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் இரும்பு விலைக்குக் கேட்பார்கள். ராஸ்டாட்டில் செய்த டயானாவோ, மூன்று துவக்குகளை முனை சேர்த்து நிறுத்திய சின்னமுள்ள பர்மிங்காம் பி.எஸ்.ஏ.யோ இனி ஒருவராலும் திரும்பச் செய்ய முடியாத வேலைப்பாடு. பி.எஸ்.ஏ. எயார் ரைபிள் தொழிலில் இறங்கியது 1905ல். அத்தனை பழசு. கடதாசி சரியானால், அதை வைத்திருங்கள். வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன், சுடுங்கள் என்றல்ல.

சுட்டுப் பார்த்தால்தான் தோல் வாஷர் காயாமல் இருக்கும், அப்படியே வைத்தால் செத்த சாமான் என்று வாதிடுகிற சேகரிப்பாளர்கள் ஐரோப்பாவில் உண்டு. அவர்களுக்கு உதிரிப்பாகக் கடை இருக்கிறது, பழுது பார்க்கிறவர் இருக்கிறார், பயிற்சித் திடல் இருக்கிறது. கோமாரியில் இருப்பது உப்புக் காற்று. குறி பார்க்கிற ஆசை இருக்கிற பிள்ளையை முறையான சுடுதல் கழகத்துக்கு அனுப்புங்கள். 10 மீற்றர் எயார் ரைபிள் 1984லிருந்து ஒலிம்பிக் போட்டியில் இருக்கிறது. டோக்கியோவுக்கு நம் நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல போனது அந்தப் போட்டிக்குத்தான். அது வேறு துவக்கு, வேறு ஒழுங்கு.

பாதுகாப்பதிலும் நம்மவர்கள் சாமானைக் கொல்லுகிறார்கள். பொலித்தீனிலும் உர பேக்கிலும் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும். ஸ்பொஞ்ச் வைத்த உறையும் தோல் உறையும் ஈரத்தை இழுத்து வைக்கும். மண்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, மரத்துக்கு வார்னிஷ் பூசி 'புதுசாக்கினால்' அதன் மதிப்பு அந்த மணித்தியாலத்தோடு முடிந்தது. தேய்த்ததில் இலக்கம் அழிந்தால், மதிப்போடு உங்கள் நிம்மதியும் போகும். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வெளி இரும்பில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பூட்டுள்ள அலுமாரிக்குள், சுவரில் சாயாமல், சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நாலைந்தோடு, ஸ்பிரிங் ஏறாத நிலையில் படுக்கட்டும். ஸ்பிரிங் ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விசையை இழுத்துச் சோதிக்காதீர்கள். குழல் வாய் ஆள் இல்லாப் பக்கம் பார்க்க வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அன்று கோமாரியில் அண்ணனும் நானும் முற்றத்துக் கதிரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் கை நடுக்கம் நிற்கவில்லை. பிறகு ரோச் லைட் பிடித்து, குழாயின் பின்முனையில், மரத்தை ஒட்டி இடப்பக்கமாகத் துடைத்தோம். ஜெர்மன்காரர்கள் செய்த மாதத்தையும் வருடத்தையும் அங்கேதான் பொடி எழுத்தில் குத்துவார்கள். துருவுக்குள்ளிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணன் கண்ணாடியைப் போட்டு எட்டிப் பார்த்து, அப்பா அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரங்குகள் தென்னையில்தான் இருந்தன. பிளந்த மரத்தை ஒட்டாமல் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, ரவை டின்னை நான் தனியாகக் கட்டிப் பூட்டச் செய்தேன். அடுத்த திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் போவதாக அண்ணன் ஒத்துக்கொண்டார்.