டயோடுக்கு முன்னும் பின்னும்

மின்கிட்டாரின் ஒலியைக் கரகரக்கவைக்கும் டிஸ்டார்ஷன் பெடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உதிரிபாகங்களின் பெயர்களே முதலில் வந்து விழும். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்றால் 4558 சிப், ப்ரோகோ ராட் என்றால் எல்எம்308, ஃபஸ் ஃபேஸ் என்றால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். இவற்றின் பழைய தயாரிப்புகளைத் தேடிப்பிடித்துப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் சர்க்யூட் வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒலி அலையின் உச்சியை எந்தப் பாகம் வெட்டுகிறது என்பதைவிட, வெட்டும் இடத்துக்கு எந்த அதிர்வெண்களை அனுப்புகிறார்கள், வெட்டிய பிறகு எவற்றை வெளியே விடுகிறார்கள் என்பதே பெடலின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிறு மின் அலை. பெடல் அதைப் பெருக்குகிறது. பெருகிய அலை ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தொடும்போது சிலிக்கான் டயோடு திறந்துகொள்ள, அதற்குமேல் அலை உயர முடியாமல் உச்சி தட்டையாகிறது. அப்படித் தட்டையான அலையில், வாசித்த சுரத்தின் மடங்குகளாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இதுவரை எளிது. இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதிய ஒலிகளாக எழுகின்றன. தடித்த கம்பியின் 82 ஹெர்ட்ஸோடு 123 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தைச் சேர்த்தால் வித்தியாசம் 41 ஹெர்ட்ஸ். அது அடிச்சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே அமர்ந்து வலுவூட்டுகிறது. ராக் இசையில் அடிச்சுரமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட ‘பவர் கார்டு’ செழித்ததற்கு இது முக்கியமான காரணம். அதே இடத்தில் காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரின் சமப்பகுப்புச் சுருதியில் வித்தியாச ஒலிகள் எதோடும் ஒட்டாமல் கலங்கி நிற்கும்.

இங்கேதான் வடிகட்டியின் வேலை வருகிறது. தடித்த கம்பிகளின் அலை பெரியது. அதை அப்படியே டயோடுக்கு அனுப்பினால் எப்போது வெட்டு விழ வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். அதன் முதுகில் பயணிக்கும் மெல்லிய மேல்சுரங்கள் சேர்ந்தே சிதையும். வெட்டிய பிறகு பேஸைக் குறைத்துப் பயனில்லை. அரிசியில் கல் பொறுக்குவதற்கும் வெந்த சோற்றில் கல் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

1970களின் இறுதியில் ஜப்பானில் உருவான ட்யூப் ஸ்க்ரீமர் இதைத் துல்லியமாகச் செய்கிறது. அதன் பெருக்கும் கட்டத்தில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக நிற்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகின்றன. டயோடுகளைத் தாண்டியதும் இன்னொரு வடிகட்டி, அதே 720 ஹெர்ட்ஸை ஒட்டி, மேல் அதிர்வெண்களைச் சரிக்கிறது. மிஞ்சுவது மூக்கால் பாடுவதுபோன்ற, நடுப்பகுதி மேடிட்ட ஒலி. நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1960களின் இறுதியில் கொண்டுவந்த பிக் மஃப்பைப் பாருங்கள். அதிலும் சிலிக்கான் டயோடுகள்தான். ட்யூப் ஸ்க்ரீமரின் டயோடுகளைப் போலவே அவையும் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில்தான் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அது பேஸைத் தாராளமாக உள்ளே விடுகிறது. கடைசியில் உள்ள டோன் பகுதி 1000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தோண்டுகிறது. ஒன்று மேடு, மற்றது பள்ளம். பிக் மஃப்பில் வெட்டும் கட்டங்கள் இரண்டு என்பதால் சுரம் நெடுநேரம் நின்று ஒலிக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் ட்யூப் ஸ்க்ரீமர் இசைக்குழுவின் நடுவே துருத்திக்கொண்டு கேட்பதற்கும், பிக் மஃப் சுவர்போல் பரவி ஓசைக்குள் கரைவதற்கும் டயோடுகளைக் காரணம் காட்ட முடியாது. மெட்டல் கிட்டார்காரர்கள் ட்யூப் ஸ்க்ரீமரின் டிரைவ் குமிழை ஏறக்குறைய பூஜ்யத்தில் வைத்து, கடும் கரகரப்புள்ள ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மாட்டுவது இன்னும் வலுவான சான்று. அங்கே அந்தப் பெடல் எதையும் பெரிதாக வெட்டுவதில்லை. பேஸைக் குறைத்து அனுப்பும் அதன் வேலைக்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

ராட், பாஸ் டிஎஸ்-1 போன்றவற்றில் டயோடுகள் பெருக்கிக்குப் பின்னால் கிரவுண்டுக்கு இணைக்கப்பட்டிருக்கின்றன, அதனால் அலையின் விளிம்பு கூர்மையாக வெட்டுப்படுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூர்மையான வெட்டில் உயர் மடங்குகள் அதிகம். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிபவை. ராட்டின் ஃபில்டர் குமிழோ 475 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும். கூர்மையில் பெரும்பங்கு அங்கேயே மழுங்கிவிடுகிறது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வரும் ஏற்ற இறக்கத்தில் மட்டும் வேறுபாடு தங்கும்: ட்யூப் ஸ்க்ரீமரின் அமைப்பில் வெட்டுப்படாத மூல அலையும் கூடவே வெளிவருகிறது, ராட்டில் அது இல்லை. ஜெர்மானியம் டயோடு 0.3 வோல்ட்டிலும், சிவப்பு எல்ஈடி 1.7 வோல்ட்டையொட்டியும் திறப்பதால் சத்தத்தின் அளவும் வெட்டின் ஆழமும் மாறும். ஆனால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடும்போது, கூடுதல் சத்தமே மேலான ஒலியாகக் காதுக்குப் படுகிறது.

சிப்புகளைப் பற்றிய நம்பிக்கைக்கும் சர்க்யூட்டிலேயே பதில் இருக்கிறது. ட்யூப் ஸ்க்ரீமரில் பெருக்கம் அதிகபட்சம் 118 மடங்கு. வெளியீட்டையும் டயோடுகள் சிறிய எல்லைக்குள் பிடித்துவைக்கின்றன. 4558க்கு அது எளிய வேலை, பெரும்பாலான பிற சிப்புகளுக்கும் அப்படியே. ராட்டில் பெருக்கம் 2000 மடங்கைத் தாண்டும்படி அமைந்திருக்கிறது, டயோடுகளுக்கு முன்பே சிப் பேட்டரியின் எல்லை வரை ஊசலாட வேண்டும். எல்எம்308 மைக்ரோநொடிக்கு 0.3 வோல்ட் வேகத்தில் மட்டுமே நகரக்கூடியது. அந்த மந்தத்தால் உயர் அதிர்வெண்கள் தாமாகவே தேய்கின்றன. அதாவது ராட்டில் சிப்பின் பேச்சு எடுபடுவதும் அது ஒரு வடிகட்டியாக மாறிவிடுவதால்தான்.

இந்த வாதத்துக்கு முழுதாக அடங்காதது ஃபஸ் ஃபேஸ். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட இந்த வட்டப் பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு மாறுவதால் ஒரே பெடல் குளிரிலும் வெயிலிலும் வேறுவிதமாக ஒலிக்கும். இங்கே டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பது வீண் சடங்கல்ல. இந்தப் பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பும் மிகக் குறைவு என்பதால் பிக்கப்பின் கம்பிச்சுருள் சர்க்யூட்டின் உறுப்பாகவே ஆகிறது. இதைப் பயன்படுத்திய கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்ததும் கரகரப்பு தெளிந்து மினுங்கியது இதனால்தான். இடையில் ஒரு பஃபரைச் செருகினால் அந்த உறவு அறுந்து ஒலி கரடுமுரடாகிறது.

ட்யூப் ஸ்க்ரீமரை மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் சிப்பை விட்டுவிட்டு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றி 0.1ஐப் பொருத்தட்டும். 720 ஹெர்ட்ஸ் எல்லை சுமார் 340க்கு இறங்கும். தடித்த கம்பிகளும் டயோடை எட்டத் தொடங்கும்.