மலைமேலே இப்போது எத்தனை பேர்?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி! ஆடிக் கிருத்திகைக்கு அந்தப் படிகளில் வரிசையாகக் காவடிகள் ஏறும். டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூசை நடக்கும். படியேற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி. இந்த நிமிடம் மலைமேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடிவாரத்தில் நின்றபடியே சொல்ல முடியுமா?

"ஏறுகிறவர்களை எண்ணினால் போச்சு" என்பீர்கள். போதாது. சாமி கும்பிட்டவர்கள் இறங்கிக்கொண்டும் இருக்கிறார்களே, அவர்களைக் கழிக்க வேண்டாமா? கழித்தாலும் போதாது. படியேறிப் போன தாத்தா, முட்டி வலிக்கிறது என்று ஆட்டோவில் இறங்கிவிடுவார். படிக்கட்டில் மட்டும் எண்ணுகிறவரின் கணக்கில் தாத்தா ராத்திரி முழுக்க மலைமேலேயே இருப்பார்! எத்தனை வழி உண்டோ அத்தனை வழியிலும், ஏறுவது இறங்குவது இரண்டையும் எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.

உள்ளே இருப்பவர்கள் = உள்ளே போனவர்கள் – வெளியே வந்தவர்கள்.

பெரிய கட்டடங்களின் வாசலில் இருக்கும் மின்னணுக் காவலாளியும் இந்தக் கழித்தலைத்தான் நாள் முழுக்கச் செய்கிறது.

போகிறாரா, வருகிறாரா?

எண்ணுவது சுலபம், திசையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். வாசலின் குறுக்கே ஓர் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுவோம். டிவி ரிமோட்டிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத அதே வகை ஒளிதான். யாராவது குறுக்கே நடந்தால் கதிர் மறையும். எதிரே இருக்கும் சென்சார் அதைக் கவனித்து 'ஒன்று' என்று எண்ணும். ஆனால் அவர் போனாரா, வந்தாரா?

ஒரு சாண் தள்ளி இன்னொரு கதிரை வையுங்கள். வெளிப்பக்கக் கதிர் 'அ', உட்பக்கக் கதிர் 'ஆ'. முதலில் அ, அடுத்து ஆ மறைந்தால் ஆள் உள்ளே போகிறார். முதலில் ஆ மறைந்தால் வெளியே வருகிறார். அ மட்டும் மறைந்து மீண்டும் தெரிந்தால், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்!

இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நடந்தால் இந்தக் கருவி ஏமாந்துபோகும். ஒருவர் என்றே எண்ணும். அதனால்தான் பல இடங்களில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடுகிற சுழல் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

பேட்டரி இல்லாத அட்டை

திருத்தணியில் புறநகர் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். அங்கே பயண அட்டையைக் காட்டினால் தடுப்புக் கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் காட்ட வேண்டும். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால்தானே கட்டணம் கணக்கிட முடியும்?

அந்த அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தில் மெல்லிய கம்பிச்சுருளும், கடுகளவு சிப்பும்தான் இருக்கின்றன. வாசலில் அட்டையைப் படிக்கும் கருவியான ரீடர், நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைகிற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். அட்டையை அருகே கொண்டுபோனதும் அந்த மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. இப்படி ரேடியோ அட்டையால் கதவைத் திறக்கும் முறைக்கு 1973-இல் அமெரிக்காவின் சார்லஸ் வால்டன் காப்புரிமை பெற்றார்.

கட்டடத்தில் அமைப்பது எப்படி?

ஒரே கதவுக்கு இரண்டு ரீடர்கள் வேண்டும். வெளிச்சுவரில் ஒன்று, உட்சுவரில் ஒன்று. வெளியே இருப்பது 'நுழைவு', உள்ளே இருப்பது 'வெளியேற்றம்' என்று கணினிக்குச் சொல்லித் தர வேண்டும். இரண்டின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். வெளியேற்ற ரீடரின் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கினால், 10 மணிக்கு நுழைந்து 10.02-க்குக் கிளம்பியவர், 9.57-க்கே வெளியேறியதாகப் பதிவாகும். வருவதற்கு முன்பே போய்விட்டார்!

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே போன அட்டை, வெளியே வந்ததாகப் பதிவாகாமல் மறுபடி உள்ளே போக முடியாது. ஒருவர் உள்ளே போய், ஜன்னல் வழியாக அட்டையை நண்பரிடம் நீட்டினால் பலிக்காது. 'நீதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயே' என்று கதவு திறக்க மறுத்துவிடும்.

ஆனால் தீப்பிடித்தால் கதவு யாரையும் தடுக்கக் கூடாது. பல கட்டடங்களில் கதவைப் பிடித்து வைத்திருப்பது மின்காந்தம். தீ எச்சரிக்கை ஒலித்ததும் அதற்கு வரும் மின்சாரம் நின்றுவிடும், கதவு விடுபடும். எல்லாரும் வெளியே ஓடி வந்து ஓரிடத்தில் கூடுவார்கள். கடைசியாகப் பதிவான பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால், யார் இன்னும் உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லிவிடலாம். போகும்போதும் வரும்போதும் அட்டையைக் காட்டச் சொல்வது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

கணக்குப் போடுங்கள்

காலை 6 மணிக்கு மலைமேலே 40 பேர். 7 மணிக்குள் படி வழியாக 120 பேர் ஏறினார்கள், 35 பேர் இறங்கினார்கள். வண்டிப் பாதையில் 200 பேர் ஏறினார்கள், 90 பேர் இறங்கினார்கள்.

1. 7 மணிக்கு மலைமேலே எத்தனை பேர்?
2. வண்டிப் பாதையில் வைத்த எண்ணும் கருவியில் அ, ஆ கதிர்களின் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் கணினி எத்தனை பேர் என்று காட்டும்?

விடை: 1) 235. 2) 15. கம்பி இடம் மாறியதில் 220 பேர் காணாமல் போனார்கள்!