பலகை எங்கே இருக்க வேண்டும்?

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு 1981ல் ரயில்வேயில் சேர்ந்தேன். கட்டடப் பிரிவு இன்ஸ்பெக்டர் என்றால் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவது முதல் ஸ்டேஷன் பலகைக்கு வர்ணம் அடிப்பது வரை எல்லாம் நம் தலையில்தான். மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து. மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரிகள். எழுத்து நேராக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த வயது.

1984ல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஜங்ஷனில் புதிதாக நடைபாலம் கட்டினோம். எந்தப் படி எந்தப் பிளாட்பாரத்துக்கு இறங்குகிறது என்று காட்டும் பலகையை நானே அளவெடுத்து மாட்டினேன். பாலத்தின் நடுவில் ஆணி அடிக்க வசதியான உத்தரம் ஒன்று இருந்தது. அங்கேயே மாட்டிவிட்டேன். ஆனால் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு இறங்கும் படி அதற்கு முன்பே வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் மாலை, மூன்றாம் பிளாட்பாரத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி மூட்டையோடு நின்று அழுதுகொண்டிருந்தார். எதிர்ப் பிளாட்பாரத்தில் அவருடைய ரயில் அவர் கண்ணெதிரிலேயே புறப்பட்டுப் போய்விட்டது. மகளுக்குத் தலைப்பிரசவம்; மூட்டைக்குள் பிரசவ லேகியம். அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான்.

"மேலே பலகை இருக்கே பாட்டி, பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"எழுத்து தெரிஞ்சா நான் ஏன் தம்பி இப்படி நிக்கப் போறேன்?" என்றார்.

அன்றிரவு எங்கள் குவார்ட்டர்ஸில் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து அவர் மருமகனிடமிருந்து கார்டு வந்தது. குழந்தை அந்த இரவே பிறந்துவிட்டதாம். என்னை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார்டைப் படித்துவிட்டு நான் பாலத்துக்குப் போய், பலகையைக் கழற்றி, படியின் தலைப்பில் மாட்டினேன். படியின் இரு பக்கமும் எண்ணை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதச் சொன்னேன். செலவு ஒரு டின் பெயின்ட்.

எழுத்தறியாதவரை நினைத்துச் செய்தவர்கள் உலகில் உண்டு என்பதைப் பிற்பாடு அறிந்தேன். 1969ல் மெக்சிகோ நகரில் மெட்ரோ ரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சின்னம் தந்தார்கள். சாபுல்தெபெக் ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி. அந்தப் பெயருக்குப் பொருளே வெட்டுக்கிளி மலை. படிக்கத் தெரியாதவரும் வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கிவிடலாம். நம் நாட்டில் 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே ஓட்டுப் பெட்டிகளில் சின்னம் ஒட்டியது இதே யோசனையால்தான்.

எண்ணிலும் குழப்பம் வரும். தாதரில் மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே இரண்டும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணிவந்தன. "ஒன்றாம் பிளாட்பாரத்தில் நில்லுங்கள்" என்றால், எந்த ஒன்று? 2023 டிசம்பர் 9 முதல் மேற்குப் பக்கம் 1 முதல் 7, மத்தியப் பக்கம் 8 முதல் 14 என்று தொடர் எண்கள் வந்தன. புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல், எண்ணை மாற்றியதிலேயே தீர்ந்த விஷயம் இது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நம் பொங்கல் விழா. போன முறை பள்ளி வளாகத்தில் சாப்பாட்டுக் கூடம் எது, கலை நிகழ்ச்சி எங்கே என்று ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் அலைந்ததைப் பார்த்தேன். பலகைகள் இருந்தன, காலியாக இருந்த சுவர்களில் இருந்தன. இம்முறை இளைஞர்கள் திருப்பங்களில் வைக்கட்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைக்காரர்களின் கணக்கு. சாப்பாட்டுக்கு ஓர் இலைப் படம், கலை நிகழ்ச்சிக்கு ஒரு மத்தளம் போட்டால் போதும்.

முதல்நாளே, அங்கே வந்தே இராத ஒரு பாட்டியை வாசலிலிருந்து முன்னால் நடக்க விடுங்கள். வழி சொல்லாமல் பின்னாலேயே போங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். எழுதித் தர நான் வருகிறேன். பிரஷ் பிடித்தால் கை இன்னும் நடுங்குவதில்லை.