பந்தைத் துரத்திய ராபின் சிங்

நம் மைதானத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்ன நேரும் என்பது சகோதரிகள் அனைவரும் அறிந்ததே. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களினூடே சரிவில் உருண்டோடிவிடும். தேடி எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆகையால் கொல்லிமலையில் பந்தை அடிப்பவளைவிடத் தடுப்பவளுக்கே மதிப்பு அதிகம்!

பெரிய ஆட்டங்களில் நிலைமை வேறு. கிரிக்கெட் கணக்கேட்டில் ஓட்டம் எடுத்தவருக்கும் விக்கெட் வீழ்த்தியவருக்கும் இடமுண்டு. பாய்ந்து விழுந்து நான்கு ஓட்டங்களைத் தடுத்தவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் தொலைவில் நிற்கும் மூவரை அவுட்பீல்டர் என்பார்கள். 1954-இல் நியூயார்க்கில் வில்லி மேஸ் என்ற அவுட்பீல்டர், முதுகைக் காட்டி ஓடியபடியே தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். அந்த ஒரு பிடியை இன்றும் பேசுகிறார்கள். சிறந்த தடுப்பாளர்களுக்கு அங்கே 1957 முதல் தங்கக் கையுறை விருதும் உண்டு.

பந்து தடுப்பதால் புகழ் பெற்ற ஒருவர் நம் தமிழ்நாட்டு அணியிலும் இருந்தார். ரவீந்திர ராமநாராயண் சிங் என்னும் ராபின் சிங் 1963-இல் டிரினிடாடு தீவில் பிறந்தவர். முன்னோர் இந்தியர். சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டே ஆடினார். தமிழ்நாடு 1954-55-க்குப் பின் 1987-88-இல்தான் மீண்டும் ரஞ்சிக் கோப்பையை வென்றது. அந்த அணியில் அவரும் ஒருவர்.

பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டு இந்தியக் குடிமகனானார். 1989 மார்ச்சில் இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஒருநாள் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? அதே டிரினிடாட்டில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக! ஆனால் இரண்டே ஆட்டங்களோடு அணியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த அழைப்பு 1996-இல் வந்தது. இடையில் ஏழு ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 33. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது அது. அவருக்கோ அங்கேதான் ஆட்டம் தொடங்கியது.

அவர் பெரும்பாலும் நின்றது பாயின்ட், கவர் பகுதிகளில். அங்கே நிற்பவருக்கு என்ன வேலை என்று சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கஜம், அதாவது சுமார் 20 மீட்டர். மட்டை வீரர் அதை ஓடிக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்து ஒரே நொடியில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடும். எனவே பந்தை எடுக்கத் தடுப்பவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிதான். பந்து தன்னிடம் வரட்டும் என்று நிற்பவர் அதை இழந்துவிடுவார். நல்ல தடுப்பாளர் பந்து வீசப்படும் முன்பே இரண்டடி முன்னேறி, குனிந்து எடுத்த நிலையிலேயே எறிவார். அவர் அங்கே நிற்கிறார் என்பதாலேயே ஓடாமல் நின்றுவிட்ட மட்டை வீரர்கள் எத்தனை பேரோ! அதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

மட்டையிலும் குறைவில்லை. 1998 ஜனவரியில் டாக்காவில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 315 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அதற்குமுன் ஒருநாள் ஆட்டத்தில் எவரும் எட்டிப் பிடிக்காத இலக்கு. மூன்றாவதாக அனுப்பப்பட்ட ராபின் 82 எடுத்தார். கங்குலியுடன் சேர்ந்து 179 ஓட்டங்கள் குவித்தார். ஒரு பந்து மீதமிருக்க இந்தியா வென்றது. மொத்தம் 136 ஒருநாள் ஆட்டங்களில் 2336 ஓட்டங்கள், 69 விக்கெட்டுகள். டெஸ்ட் ஆட்டம் மட்டும் ஒன்றே ஒன்றுதான், 1998-இல் ஹராரேயில். அது ஏன் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

2001-க்குப் பின் சர்வதேச ஒருநாள் ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. 2007-இல் இந்திய அணிக்குப் பந்து தடுக்கக் கற்பிக்கும் பயிற்சியாளரானார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். பாகிஸ்தானின் இம்ரான் நசீர் 14 பந்துகளில் 33 எடுத்து மிரட்டிக்கொண்டிருந்தார். உத்தப்பா பந்தை எடுத்து நேராக விக்கெட்டில் எறிந்து அவரை வீழ்த்தினார். இந்தியா வென்றது ஐந்தே ஓட்டங்களில்.